கோடை மலையும் பனிச்சறுக்கும்

1980ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள லேக் பிளாசிட் என்னும் சிற்றூரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் விழாவில், ஆடவருக்கான 15 கிலோமீட்டர் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியில், ஸ்வீடன் தேசத்துத் தாமஸ் வாஸ்பர்க்கும் பின்லாந்து தேசத்து யூஹா மியெட்டோவும் தனித்தனியே புறப்பட்டு, ஒவ்வொருவரும் ஏறக்குறைய 42 நிமிஷம் காடும் மேடும் கடந்து பாடுபட்டு வந்து சேர்ந்தபோது, அவ்விருவருடைய காலங்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு மாத்திரமே. தங்கம் வாஸ்பர்க்குக்குக் கிடைத்தது. வெள்ளி மியெட்டோவுக்குக் கிடைத்தது. இத்தனை அற்பமான இடைவெளியைக் கொண்டு இத்தனை நீண்ட போட்டியின் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது பொருந்தாது என்று கருதப்பட்டமையால், அதன் பிறகு இவ்விளையாட்டில் விநாடியைப் பத்தாகப் பகுப்பதோடு நின்றுவிட்டார்கள்.

இவ்வாறு நூலிழையில் முடிவாகும் போட்டிகளுக்கான பலம் எங்கே, எப்போது சேமிக்கப்படுகிறது என்று இத்துறையில் பழகியவர்களைக் கேட்டால், அவர்கள் பனி மூடிய காட்டைச் சுட்டுவதற்கு முன்பாகக் கோடைகாலத்துத் தார்ச்சாலையைச் சுட்டுவார்கள். பனிச்சறுக்கு வீரர்கள் கோடையிலேதான் உருவாகிறார்கள் என்பது நார்வே நாட்டில் பழமொழிபோல வழங்கிவரும் வாக்கு. அந்தக் கோடைப் பயிற்சியில் ஒரு பகுதியான, சக்கரம் பூட்டிய சறுக்குப் பலகைகளோடு மலைச்சாலைகளில் ஏறிப் பழகும் அப்பியாசத்தைப் பற்றியும், அதில் ஈடுபடும் சிறுவர் சிறுமியரின் நலத்தைப் பற்றியும் இங்கே சற்று விரிவாகப் பேசுவோம்.

பனிச்சறுக்கு என்றவுடன், செங்குத்தான மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கி வரும் காட்சியே நம் நாட்டு வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது இயல்பு. நெடுந்தூரப் பனிச்சறுக்கு அதனின்றும் வேறானது, அதனினும் பழமையானது. மெல்லிய நீண்ட பலகைகளைக் காலிலே பூட்டிக்கொண்டு, இரு கைகளிலும் கோல்களைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தானே உந்தித் தள்ளிச் சமநிலத்தில் விரைந்தும், மேட்டில் ஏறியும், பள்ளத்தில் இறங்கியும் பல கிலோமீட்டர் தூரத்தைக் கடப்பது இதன் லட்சணம். மேலே தூக்கிச் செல்லும் கம்பிவடம் கிடையாது. பூமியின் ஈர்ப்பு உதவுவது இறக்கத்தில் மட்டுமே. உலகப் போட்டிகளில் 10 கிலோமீட்டர் முதல் 50 கிலோமீட்டர் வரையிலான தூரங்கள் உண்டு. 2022ஆம் ஆண்டில் சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கம் செய்த தீர்மானத்தின்படி ஆண்களும் பெண்களும் இப்போது சமமான தூரங்களையே ஓடுகிறார்கள். கால், இடுப்பு, முதுகு, தோள், கை ஆகிய எல்லாத் தசைகளும் ஒருங்கே உழைக்க வேண்டியிருப்பதால், இருதயத்துக்கும் சுவாசகோசத்துக்கும் இதனினும் கடுமையான பரீட்சை வைக்கும் விளையாட்டுகள் மிகச் சிலவே.

இத்தகைய விளையாட்டுக்கு இயற்கையே ஒரு தடையை வைத்திருக்கிறது. பனி விழுவது ஆண்டில் ஏறக்குறைய பாதிக் காலத்துக்குத்தான். ஏப்ரல் மாதத்தில் அது உருகிவிட்டால், திரும்பவும் நம்பிக்கையோடு காலில் பலகையைப் பூட்டுவதற்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஆயினும் வீரர்களுடைய பயிற்சி ஆண்டு மே மாதமே ஆரம்பமாகிவிடுகிறது. ஓட்டம், சைக்கிள், மலைநடை, பளு தூக்கல் ஆகியவை தேகத்தின் பொதுவான பலத்தை வளர்க்கும்; ஆனால் பலகையின் மேல் நின்று சமநிலை காத்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழு எடையையும் மாற்றி, கோலை ஊன்றித் தள்ளும் அந்தக் குறிப்பிட்ட அசைவை அவை கற்பிக்க மாட்டா. பின்லாந்தில் வுவோகாட்டி, ஸ்வீடனில் டோர்ஸ்பி, ஜெர்மனியில் ஓபர்ஹோஃப் ஆகிய இடங்களில் குளிரூட்டிய சுரங்கங்களிலும் மண்டபங்களிலும் கோடையிலும் பனியைக் காத்து வைத்திருக்கிறார்கள் என்றாலும், அவை எல்லா ஊர்களிலும் அமைவன அல்ல. சாதாரணக் கிராமத்துச் சிறுவனுக்கும் எட்டக்கூடிய சாதனம் ரோலர் ஸ்கி என்று வழங்கும் சக்கரப் பலகைதான்.

அச்சாதனம் அமைப்பிலே எளியது. ஒரு முழத்தைவிடச் சற்று நீண்ட உலோகச் சட்டமோ மரச் சட்டமோ கரிநார்ச் சட்டமோ இருக்க, அதன் முன் முனையில் ஒரு சக்கரமும் பின் முனையில் ஒரு சக்கரமும் பொருத்தப்பட்டிருக்கும். நடுவிலே, பனிக்காலத்தில் அணியும் அதே காலணியின் முனையை மாட்டிக்கொள்ளும் பிணைப்பு இருக்கும். குதிகால் விடுதலையாக மேலெழும். சக்கரங்கள் ரப்பராலோ அதை ஒத்த செயற்கைப் பொருளாலோ ஆனவை. எளிதில் உருள்பவை, மந்தமாக உருள்பவை எனத் தரம் பிரித்து விற்கப்படுவதால், பயிற்சியின் நோக்கத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். கோலின் நுனியில் பனிக்கு உரிய வட்டத்தை நீக்கிவிட்டு, தார்ச்சாலையைப் பற்றிக்கொள்ளும் டங்ஸ்டன் கார்பைடு முனையைப் பொருத்துவார்கள். அது மழுங்கிவிட்டால் கோல் வழுக்குமாதலால் அடிக்கடி தீட்டிக்கொள்ள வேண்டும். சக்கரப் பலகைகள் பலவற்றில் தடைக்கருவி கிடையாது என்பது பின்னால் நாம் கவலையோடு நினைவுகூர வேண்டிய செய்தி.

பனியையே காணாத தேசத்தவருக்கும் இச்சாதனம் வழி திறந்திருக்கிறது. பசிபிக் மகாசமுத்திரத்துத் தீவு நாடாகிய டோங்காவைச் சேர்ந்த பீட்டா டௌஃபாடோஃபுவா, சக்கரப் பலகைகளின் மேல் பழகி, 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் போட்டியில் கலந்துகொண்டு 114ஆவதாக வந்து சேர்ந்தார். தென்னை மரங்களின் நிழலில் வளர்ந்த ஒருவர் அந்தப் பனிக்களத்தில் கால் வைத்தது, பிரயாசைக்கும் கருவிக்கும் கிடைத்த கௌரவமேயாகும்.

இனி, சமதரைச் சாலைகள் எத்தனையோ இருக்க, மலைச்சாலையை ஏன் நாட வேண்டும் என்னும் கேள்விக்கு வருவோம். நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பாதைகளை அமைப்பதற்கு ஒரு பொது விதி உண்டு: மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், மூன்றில் ஒரு பங்கு இறக்கம், எஞ்சியது மேடும் தாழ்வும் கலந்த நிலம். தூரத்தில் ஏற்றம் மூன்றில் ஒரு பங்காயினும், அங்கே வேகம் குறைந்துவிடுவதால், போட்டிக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி ஏற்றத்திலேயே கழிகிறது. இறக்கத்தில் வல்லவனுக்கும் சுமாரானவனுக்கும் இடையே சில விநாடிகளே பேதம் உண்டாகலாம். ஏற்றத்திலோ, நிமிஷக்கணக்கில் பேதம் உண்டாகிறது. ஒருவனுடைய மூச்சின் ஆழமும் நுட்பத்தின் தெளிவும் மனத்தின் உறுதியும் ஒருங்கே வெளிப்படும் இடம் ஏற்றமே ஆதலால், பயிற்சியாளர்கள் தங்கள் மாணவர்களை மலையடிவாரத்துக்கு அழைத்துச் செல்வதில் வியப்பில்லை.

மலையில் பழகவேண்டிய நடைகள் இருவகைப்படும். ஒன்று, பலகைகளை இணையாக வைத்து நடக்கும் பழைய நெறி. மற்றொன்று, பலகைகளின் முனைகளை அகல விரித்துப் பக்கவாட்டில் உந்தித் தள்ளும் சுதந்திர நெறி. பின்லாந்தின் பவுலி சீத்தோனென் 1970களிலும், அமெரிக்காவின் பில் கோக் 1980களின் தொடக்கத்திலும் இரண்டாவது நெறியின் சக்தியை உலகுக்குக் காட்டிய பின்னர், பழைய நெறி அழிந்துபோகாதிருக்கும் பொருட்டுப் போட்டிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டு கால்கரி ஒலிம்பிக் முதல் இரண்டும் தனித்தனியே நடைபெற்று வருகின்றன.

சுதந்திர நெறியில், ஏற்றம் கடுமையாகும்போது பயன்படும் நடையை அமெரிக்கப் பயிற்சியாளர்கள் வி-ஒன் என்று அழைக்கிறார்கள். இரண்டு கால் உந்தலுக்கு ஒரு முறை மட்டுமே கோல்கள் ஊன்றப்படும். அந்த ஒரு முறையில் இரு கோல்களும் ஒரு பலகையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் தரையைத் தொட வேண்டும். கோல் ஊன்றும் பக்கம் வலமாகவும் இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம். தனக்கு எளிதான பக்கத்தையே எப்போதும் பற்றிக்கொள்ளும் சிறுவன், சாலை வளைந்து சாய்வு மாறுமிடத்தில் தடுமாறுவான். ஆகவே இரு பக்கங்களிலும் சமமாகப் பழக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வற்புறுத்துவார்கள். சாய்வு மிதமாக இருக்குமிடத்தில் வி-டூ என்னும் நடை வரும். இதில் ஒவ்வொரு கால் உந்தலுக்கும் ஒரு முறை கோல் ஊன்றவேண்டியிருப்பதால், ஒற்றைக் காலில் நிலைத்து நிற்கும் சமநிலை இன்றியமையாதது. அந்தச் சமநிலையைச் சோதிப்பதற்குப் பயிற்சியாளர் கையாளும் உபாயம், கோல்களை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு மேடேறச் சொல்வது. கையின் உதவியால் மறைந்திருந்த காலின் குறைகள் எல்லாம் அப்போது வெளிப்பட்டுவிடும்.

பழைய நெறியிலே சக்கரப் பலகை ஒரு மறைவான கெடுதியையும் உடன் கொண்டுவருகிறது. பனிப் பலகையின் நடுப்பகுதி சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன் அடியிலே பிடிமெழுகு தடவியிருப்பார்கள். வீரன் தன் முழு எடையையும் சரியான கணத்தில் அழுத்தினால்தான் அந்த நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பற்றும். கணம் தவறினால் கால் பின்னோக்கி வழுக்கிவிடும். சக்கரப் பலகையிலோ, சக்கரம் பின்னோக்கி உருளாதபடி ஒரு பற்சக்கரத் தடை உள்ளே அமைந்திருப்பதால், எப்படி உதைத்தாலும் கால் வழுக்குவதில்லை. கோடை முழுதும் இந்தச் சலுகையில் மகிழ்ந்திருந்த மாணவன், முதற்பனியில் ஏறும்போது திகைத்து நிற்கிறான். இதை அறிந்த பயிற்சியாளர், பாதம் மறுபாதத்தைக் கடக்கும் தருணத்திலேயே உதைப்பு தொடங்குகிறதா என்று ஒவ்வொரு அடியையும் கவனிக்கிறார். வாரத்தில் சில நாட்கள் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கோல்களை மட்டும் கையில் கொடுத்து, புல் மேட்டிலே நீண்ட தாவல்களாக ஏறச் செய்கிறார். நார்வேயில் இளையோரும் முதியோரும் இந்தத் தாவல் பயிற்சியைப் பெரிதும் மதிக்கிறார்கள். உதைப்பின் நேர்மையை அது போல் கற்பிப்பது வேறில்லை.

இவ்வளவும் நுட்பத்தைப் பற்றியது. இதனினும் முக்கியமானது, எத்தனை வேகத்தில் ஏறுவது என்னும் விஷயம். இளையோர் பயிற்சியில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நிகழ்கின்றன. ஏற்றம் என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு விரைவதுதான் என்று சிறுவர்கள் எண்ணுகிறார்கள். பெற்றோர்களும் அதைக் கண்டு பூரிக்கிறார்கள். உலகத்தின் முதல்தர வீரர்களுடைய பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. அவர்கள் ஆண்டொன்றுக்குச் சுமார் 750 முதல் 900 மணி நேரம் வரை பயிற்சி செய்கிறார்கள். அதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு, உடன் வருபவரோடு தடையின்றிப் பேசிக்கொண்டு செல்லத்தக்க மெல்லிய வேகத்திலேயே நடைபெறுகிறது. குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கங்கள் பெற்ற நார்வேயின் மாரிட் பியோர்கனுடைய பல ஆண்டுப் பயிற்சியும் இந்த உண்மைக்கே சாட்சி சொல்கிறது.

நார்வேயின் ஒலிம்பிக் பயிற்சி நிலையம் வகுத்துள்ள அளவுகோல் பயிற்சியின் கடுமையை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. இருதயத்தின் உச்சத் துடிப்பில் 72 சதவீதம் வரை முதற்படி. 82 வரை இரண்டாம் படி. 87 வரை மூன்றாம் படி. 92 வரை நான்காம் படி. அதற்கு மேல் ஐந்தாம் படி. சாலை மேல்நோக்கிச் சாய்ந்தவுடன் இருதயம் தானாகவே மேற்படிகளுக்குத் தாவிவிடுவதால், ஏற்றத்தில் மெல்லச் செல்வது வேகமாகச் செல்வதைவிடக் கடினமான வித்தையாகிறது. அதற்காகவே இளையோரின் நீண்ட பயிற்சிகளுக்கு மென்மையான, சீரான சாய்வுடைய சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; செங்குத்தான சாலையைக் குறுகிய நேரத்து நுட்பப் பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சங்கீதம் கற்கும் குழந்தையை முதற்காலத்தில் சுத்தமாகப் பாடப் பழக்கி, சுருதியும் தாளமும் நிலைத்த பிறகே இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியரின் முறை, இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. மெல்ல ஏறும்போது பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. மூச்சு முட்டும் வேகத்திலோ, இருக்கும் பிழையே மீண்டும் மீண்டும் அச்சாகித் தசையிலே பதிந்துவிடுகிறது.

இவ்விதிகளுக்கு இணங்க அமைந்த ஒரு நாளைய பயிற்சியைப் பின்வருமாறு சித்திரிக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் காலை நேரத்தில், வாகனப் போக்குவரத்து அருகிய சாலையில் மாணவர்கள் கூடுகிறார்கள். முதல் 20 நிமிஷம் சமதரையில் மெல்ல உருண்டு தேகத்தைச் சூடேற்றிக்கொள்கிறார்கள். பிறகு கோலின்றி ஏறுதல், கையால் மட்டும் தள்ளி ஏறுதல், கோல் ஊன்றும் பக்கத்தை மாற்றி மாற்றி ஏறுதல் முதலிய நுட்பப் பாடங்கள். அதன் பின், வயதில் மூத்தவர்கள் மட்டும், மூன்றாம் படியின் எல்லைக்குள் நின்று, ஐந்து அல்லது ஆறு நிமிஷ ஏற்றத்தை இரண்டு மூன்று நிமிஷ ஓய்வோடு நான்கைந்து முறை செய்கிறார்கள். கடைசி ஏற்றமும் முதல் ஏற்றத்தைப் போலவே சீராக இருந்தால் பயிற்சி சரியான அளவில் நடந்தது என்றும், கடைசியில் தோள் சுருங்கி இடுப்பு பின்வாங்கி, ஏறும் நேரமும் நீண்டுவிட்டால் தொடக்கத்திலேயே பேராசைப்பட்டு ஓடியாயிற்று என்றும் அறியலாம். 13, 14 வயதுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. விளையாட்டாகத் தொடர் ஓட்டம், சமநிலைப் போட்டிகள், சிறு சிறு மேடுகள் என்ற அளவே போதும்.

வளரும் தேகத்துக்கு வேறொரு நியாயம் உண்டு. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும், ஆண் குழந்தைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் மிக விரைவாகக் கூடுகிறது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் நாணும் உடனே ஈடுகொடுப்பதில்லை. நேற்று வரை அழகாக ஏறிய சிறுவன் இன்று கைகால்களின் நீளம் புரியாமல் தடுமாறுவது இதனால்தான். முழங்காற் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்னும் நோவும் இப்பருவத்திலேயே தோன்றுகிறது. பனியைப் போல் தார்ச்சாலை அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில்லை. கோலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அதன் தாக்கம் முழங்கையிலும் தோளிலும் வந்து சேர்கிறது. ஆதலின் வலி என்று குழந்தை சொன்னால், அதைச் சோம்பல் என்று தள்ளாமல், அன்றைய பயிற்சியை நிறுத்துவதே பெரியோரின் கடமை.

ஆகார விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். மலையேற்றத்தில் எடை குறைந்தவன் எளிதாக ஏறுவான் என்ற அரைகுறை உண்மை, பல இளம் பெண்களை உணவைக் குறைக்கத் தூண்டி, எலும்பின் பலத்தையும் மாதவிடாயின் ஒழுங்கையும் குலைத்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு கிக்கன் ராண்டலோடு சேர்ந்து, நெடுந்தூரப் பனிச்சறுக்கில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஜெஸி டிகின்ஸ், தம் இளமையில் உணவு சம்பந்தமான நோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்று மீண்டதை 2020இல் வெளியான தம் நூலில் மனந்திறந்து எழுதியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் அதை மறைக்காமல் சொன்னது, பின்வரும் பெண் குழந்தைகளின் க்ஷேமத்தைக் கருதியே. மாணவியின் உடல் எடையைப் பற்றிப் பயிற்சியாளர் பேசாதிருப்பதும், கடும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவள் வயிறார உண்கிறாளா என்று பார்ப்பதும், எந்த நுட்பப் பாடத்துக்கும் குறைந்தவை அல்ல.

ஏறிய மலையிலிருந்து இறங்க வேண்டுமே என்ற எண்ணம் வாசகர்களுக்கு இதற்குள் எழுந்திருக்கும். இங்கேதான் சக்கரப் பலகையின் உண்மையான அபாயம் இருக்கிறது. தடைக்கருவியில்லாத பலகையோடு நீண்ட இறக்கத்தில் செல்பவன், மோட்டார் வாகனத்தின் வேகத்தைச் சில விநாடிகளில் எட்டிவிடுவான். பனியில் விழுந்தால் பனி தாங்கும், தாரில் விழுந்தால் தோலும் எலும்பும்தான் ஈடு. கால்களை முன்பக்கம் நெருக்கிப் பின்பக்கம் விரித்து வேகத்தைக் குறைப்பது, சாலையோரப் புல்லில் அடி வைத்து நிற்பது ஆகிய உபாயங்கள் குறைந்த வேகத்திலேயே பலிக்கும். ஆகவே விவேகமுள்ள குழுக்கள் ஒரு விதியை வகுத்துக்கொண்டிருக்கின்றன: ஏறுவது பலகையில், இறங்குவது வேனில். மலையுச்சியில் காத்திருக்கும் அந்த வாகனத்தில் தண்ணீரும் மாற்று உடையும் முதலுதவிப் பெட்டியும் இருக்கும். மாணவர்கள் இறங்கி வரும் நேரமே இருதயத்துக்கு ஓய்வும் ஆகும். இவ்வாகனம் கிடைக்காத நாளில் மலைக்குச் செல்லாதிருப்பதே முறை. தலைக்கவசம், கையுறை, தூரத்திலிருந்தே கண்ணில் படும் வர்ண மேலங்கி ஆகியவை இல்லாமல் எவரையும் சாலையில் இறக்கக் கூடாது. மழை நனைத்த சாலையில், அதிலும் வெள்ளைக்கோடு தீட்டிய இடங்களில், சக்கரம் வழுக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். நார்வேயின் ஹோல்மென்கோலன், கனடாவின் கான்மோர், அமெரிக்காவின் சோல்ஜர் ஹாலோ முதலிய இடங்களில் வாகனங்கள் நுழையாத தனிப் பாதைகளைச் சக்கரப் பலகைக்கென்றே அமைத்திருப்பது, மற்றத் தேசத்தவரும் பின்பற்றத்தக்க முன்மாதிரி.

கோடையின் உழைப்புக்குப் பரீட்சை வைப்பதுபோல் சில மலையேற்றப் போட்டிகளும் உண்டு. முன்னர்க் கூறிய லேக் பிளாசிட்டுக்கு அருகில், 1,483 மீட்டர் உயரமுள்ள ஒயிட்ஃபேஸ் மலையின் மேல், முதல் உலக யுத்தத்தில் பணிபுரிந்தவர்களின் ஞாபகார்த்தமாக அமைக்கப்பட்டு, 1935ஆம் ஆண்டு ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட்டால் அர்ப்பணிக்கப்பட்ட சாலை ஒன்று செல்கிறது. அதிலே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம், சராசரியாக 8 சதவீதச் சாய்வில், உச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள கருங்கல் கோட்டை வரையில் நடைபெறும் சக்கரப் பலகைப் போட்டியில், அமெரிக்க தேசிய அணியினரும் பள்ளி மாணவர்களும் ஒரே சாலையில் ஏறுகிறார்கள். நார்வேயின் தென்மேற்கிலே, கடல் உள்வாங்கிய லீஸே பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 27 கூரிய வளைவுகளைக் கடந்து மேலேறும் லீஸெபோட்ன் போட்டியோ, உலகின் தலைசிறந்த வீரர்களையே மூச்சு வாங்கச் செய்வது. இவற்றில் இளையவர்கள் கலந்துகொள்வது நல்லதே. ஆயினும் ஆண்டுக்கு ஒரு முறை எழுதும் பரீட்சையைத் தினந்தோறும் எழுதச் சொல்வது கல்வியாகாது.

இந்த நிதானத்தின் பலனுக்கு, நம் காலத்திலேயே கண்கூடான சான்று ஒன்று இருக்கிறது. நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரத்தைச் சேர்ந்த யோஹன்னஸ் ஹோஸ்ஃப்ளோட் கிளேபோ, சிறுவயதில் தம் வயதினரைவிடத் தேகத்தால் சிறியவராக இருந்தமையால், பலத்தைக் காட்டிலும் நுட்பத்தை நம்ப வேண்டியவரானார். அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் அவருடைய தாத்தாவே. 2018 ஒலிம்பிக்கில், 21ஆவது வயதில், அவர் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். 2025ஆம் ஆண்டு தம் சொந்த நகரத்திலேயே நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டியில், கலந்துகொண்ட ஆறு போட்டிகளிலும் தங்கம் வென்றார். செங்குத்தான ஏற்றத்தில், பலகைகளோடு ஓடுவதுபோல் விரைந்து ஏறும் அவருடைய தனி நடையை இன்று உலகமெங்கும் சிறுவர்கள் பார்த்துப் பழகுகிறார்கள். அந்த ஓட்டத்துக்கு அடியில் இருப்பது, அவசரமில்லாத பல கோடைகளின் நுட்பப் பயிற்சி என்பதை அச்சிறுவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

13 வயதில் எல்லோரையும் முந்தியவர்கள் பலர் 20 வயதில் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். முந்தச் சொல்லி யாரும் வற்புறுத்தாத சிலர் பின்னாளில் தலைசிறந்தவர்கள் ஆகிறார்கள். மலை எங்கும் போய்விடாது. குழந்தையின் எலும்பும் உற்சாகமும் ஒரு முறை முறிந்தால் திரும்ப அமைவது அரிது. பனி விழும் தேசத்திலே சக்கரப் பலகையோடு ஏறும் பிள்ளைக்கானாலும், நம் ஊர் மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கானாலும், பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: முதலில் நுட்பத்தைக் கற்பியுங்கள், பிறகு நெடுநேரம் மெல்ல உழைக்கப் பழக்குங்கள், கடிகாரத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் கையில் எடுங்கள்.